பாலிமர் தூரிகையை அமிலத்திலும் உப்பிலும் அளந்தபோது

பாலிமர் சங்கிலிகளின் ஒரு முனையை மட்டும் ஒரு பரப்பில் வேதிப் பிணைப்பால் கட்டி, ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக வளர்த்தால், சுருண்டு கிடக்க இடமில்லாமல் அவை பரப்பிலிருந்து எழுந்து நிற்கும். இதுதான் பாலிமர் தூரிகை. சங்கிலியில் அமிலக் குழுக்கள் இருந்தால், சுற்றியுள்ள நீரின் பிஹெச்சுக்கு ஏற்ப அது வீங்கி உப்பும், சுருங்கும். உப்புக் கரைசலின் செறிவை மாற்றினாலும் உயரம் மாறும். சிலிக்கான் மேல் பாலிமெத்தக்ரிலிக் அமிலத் தூரிகை ஒன்றை வளர்த்து, இந்த இரண்டு மாற்றங்களையும் எலிப்சோமீட்டரில் (பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்க மாற்றத்தை வைத்துப் படலத்தின் தடிமனைக் கணக்கிடும் கருவி) அளந்த வேலையைத்தான் இங்கே பதிகிறேன். இதே வேலையை எடுத்துச் செய்யப் போகிறவருக்குப் பயன்படட்டும் என்று, எங்கே நேரம் போனது, ஏன் போனது என்பதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடுவையில் மின்வாயை முக்கிப் படிக்கும் பிஹெச் வேறு, தூரிகைக்குள் இருக்கும் சங்கிலி உணரும் பிஹெச் வேறு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வெளியே இருக்கும் உப்புதான் தீர்மானிக்கிறது. அதனால் உப்பின் செறிவைச் சொல்லாமல் வெறும் பிஹெச்சுக்கு எதிராகத் தூரிகையின் உயரத்தை வரைந்தால், அந்தக் கோட்டை இன்னொருவர் தன் ஆய்வகத்தில் திரும்பப் பெறவே முடியாது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

தூரிகை வளர்ப்பு

வேஃபர் எனப்படும் சிலிக்கான் தகட்டின் துண்டுகளைக் கரைப்பான்களில் கழுவி, யுவி-ஓசோனில் வைத்துச் சுத்தம் செய்தேன். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கரிமக் கரைப்பான் துளி பட்டால்கூட அது வெடிப்பாகப் பொங்கும். ஓசோனோ ஆக்சிஜன் பிளாஸ்மாவோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்போது அந்த ஆபத்துக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

சுத்தமான ஆக்சைடு பரப்பின் மேல் அமினோபுரொப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேனை உலர்ந்த டொலுயீனில் படியவைத்தேன். ஈரம் அதிகமானால் இந்தச் சிலேன் தனக்குள்ளேயே பிணைந்து திட்டுத்திட்டாகப் படியும். ஒரு நானோமீட்டரை ஒட்டிய தடிமன் வந்தால் நல்ல படலம். மூன்று, நான்கு என்று ஏறினால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அடித்தளம் சரியில்லாத தூரிகை பிறகு உரிந்துபோகும். அப்புறம் ட்ரைஎத்திலமீன் சேர்த்த உலர் டைகுளோரோமீத்தேனில், புரோமோஐசோபியூட்டிரைல் புரோமைடைச் சொட்டுச்சொட்டாக விட்டு, அமீன் முனைகளில், சங்கிலி வளரத் தொடங்கும் இடமான தொடக்கியைக் கட்டினேன். இது நீரோடு வேகமாக வினைபுரியும், கண்ணையும் எரிக்கும். புகைபோக்கி அறைக்கு வெளியே மூடியைத் திறக்கவே கூடாது.

மெத்தக்ரிலிக் அமிலத்தை அப்படியே ஏடிஆர்பி முறையில் (தாமிர வினையூக்கியால் சங்கிலியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பாலிமராக்கல்) பாலிமராக்குவது கடினம். தாமிர வினையூக்கியைப் பிடித்துவைத்திருக்கும் பைபிரிடினின் நைட்ரஜனில் அமிலத்தின் புரோட்டான் ஏறிவிடும், வினையூக்கி கலைந்துவிடும். அதனால் அமிலத்தைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி, பிஹெச் 9-ஐ ஒட்டிக் கொண்டுவந்து, சோடியம் உப்பாகவே நீரில் வளர்த்தேன். நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றியபின் தாமிரம்(1) புரோமைடு, கொஞ்சம் தாமிரம்(2) புரோமைடு, பைபிரிடின். அறை வெப்பநிலையே போதும். கரைசல் அடர்ந்த பழுப்பாக இருக்கும்வரை வினை ஓடுகிறது என்று நம்பலாம். பச்சை, நீலம் என்று வெளிறினால் ஆக்சிஜன் உள்ளே வந்துவிட்டது. நீரில் இந்த வினை வேகமாக ஓடும், ஆகையால் மெல்லிய தூரிகை வேண்டுமென்றால் துண்டுகளைச் சீக்கிரமே வெளியே எடுக்க வேண்டும். எனக்கு உலர்ந்த நிலையில் சுமார் 25 நானோமீட்டர் வேண்டியிருந்தது.

வெளியே எடுத்ததும் வெறும் நீரில் கழுவிவிட்டு அளவீட்டுக்குப் போகக் கூடாது. தாமிரம்(2) அயனி கார்பாக்சிலேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரே அயனி இரண்டு குழுக்களைப் பிடித்தால் அது குறுக்குப் பிணைப்பு போலவே நடந்துகொள்ளும், தூரிகை முழுதாக உப்பாது. உலோக அயனிகளைப் பிடித்து வெளியே எடுக்கும் இடிடிஏ கரைசலில் ஊறவைத்து, பிறகு பிஹெச் 3 நீரில் கழுவி, மறுபடியும் பிஹெச் 9, மறுபடியும் பிஹெச் 3 என்று மாற்றி மாற்றிக் கழுவினேன். அடுத்தடுத்த இரண்டு சுற்றில் உப்பிய தடிமன் ஒன்றாக வந்தால்தான் தூரிகை சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

உலர் தடிமன் என்னும் அடிக்கணக்கு

எல்லாக் கணக்குக்கும் உலர் தடிமன்தான் அடிப்படை. அதனால் அதை அளக்கும் முறையில் பிடிவாதமாக இருக்க வேண்டும். சோடியம் ஏறிய தூரிகை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அமில வடிவத்தைவிடத் தடித்துக் காட்டும். எந்தக் கரைசலில் இருந்து வந்தாலும் முதலில் பிஹெச் 3 நீரில் கழுவி அமில வடிவத்துக்குக் கொண்டுவந்து, நைட்ரஜனில் உலர்த்தி, அதன் பிறகே அளப்பது என்று வைத்துக்கொண்டேன். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் பின்னால் வரும் உரிதல் பிரச்சினையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒட்டு அடர்த்தியை, அதாவது ஒரு பரப்பளவில் எத்தனை சங்கிலிகள் நிற்கின்றன என்பதைக் கணக்கிட உலர் தடிமன், பாலிமரின் அடர்த்தி, அவகாட்ரோ எண் மூன்றையும் பெருக்கி, சங்கிலியின் மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக 30 நானோமீட்டர் உலர் தடிமன், கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம், மூலக்கூறு எடை 60,000 என்றால் ஒரு சதுர நானோமீட்டருக்கு 0.36 சங்கிலி வரும். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவில் 1.7 நானோமீட்டர்தான் இடைவெளி. இவ்வளவு எடையுள்ள சங்கிலி கரைசலில் தனியாக இருந்தால் இதைப்போலப் பல மடங்கு அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். அந்த நெருக்கடிதான் அதை எழுந்து நிற்கவைக்கிறது.

நீருக்குள் அளப்பது

உலர்ந்த படலத்தை எலிப்சோமீட்டரில் அளப்பது எளிது. நீருக்குள் போனதும் சிக்கல். பாலிமரின் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது, நீருடையது 1.333. தூரிகை நான்கு மடங்கு உப்பினால் அதில் முக்கால் பங்கு நீர், அப்போது அதன் ஒளிவிலகல் எண் 1.375 அளவுக்கு இறங்கிவிடும். சுற்றியுள்ள நீருக்கும் அதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. தடிமனையும் ஒளிவிலகல் எண்ணையும் தனித்தனியே பொருத்த முயன்றால், ஒன்று ஏற இன்னொன்று இறங்கி இரண்டும் சேர்ந்து அலையும். இதற்கு ஒரே வழி, பாலிமரின் மொத்த அளவு மாறுவதில்லை என்ற நிபந்தனையை மாதிரிக்குள் வைப்பது: உப்பிய தடிமனை அதிலுள்ள பாலிமரின் பங்கால் பெருக்கினால் உலர் தடிமன் வரவேண்டும். அப்போது பொருத்த வேண்டியது ஒரே எண்தான்.

இன்னொன்று. சோடியம் குளோரைடுக் கரைசலின் ஒளிவிலகல் எண்ணும் உப்போடு ஏறும். 1 மோலாரில் அது 1.343-ஐ ஒட்டி வரும். 0.01 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் தூரிகைக்கும் நீருக்கும் உள்ள வித்தியாசமே 0.04 என்னும்போது அதில் கால் பங்கு இது. ஒவ்வொரு உப்புச் செறிவுக்கும் வெறும் வேஃபரை வைத்துச் சூழலின் ஒளிவிலகல் எண்ணைத் தனியே எடுத்து, அதையே பொருத்தலில் போட்டேன்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இப்படிக் கிடைக்கும் தடிமன், தூரிகையை ஒரே சீரான பலகையாகக் கருதி வந்த எண். உண்மையில் அடியில் அடர்த்தி அதிகம், நுனியில் மெல்ல மெல்லக் குறையும். அந்த அடர்த்தி மாற்றத்தைப் பார்க்க நியூட்ரான் எதிரொளிப்புதான் சரியான கருவி. போக்கை அறிய எனக்குப் பலகையே போதுமானதாக இருந்தது.

கரைசல்களைத் தயாரிப்பது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் என்று சொன்னால் மிகையில்லை. பிஹெச்சை நிலையாகப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் போன்ற வழக்கமான தாங்கல் கரைசல்களை எடுத்துக்கொண்டால், பிஹெச் மாறும்போது அயனி வலிமையும் (அயனிகளின் செறிவும் மின்னேற்றமும் சேர்ந்த அளவு) கூடவே மாறிவிடும். போதாததற்கு இரட்டை மின்னேற்றமுள்ள அயனிகளும் வந்து சேரும். எது பிஹெச்சின் விளைவு, எது உப்பின் விளைவு என்று பிரிக்கவே முடியாது. நான் சோடியம் குளோரைடைப் பின்னணி உப்பாக வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டால் மட்டும் பிஹெச்சை நகர்த்தினேன்.

இதில் ஒரு எல்லை இருக்கிறது. பிஹெச் 3 என்றாலே 1 மில்லிமோலார் ஹைட்ரஜன் அயனியும் அதற்கு இணையான குளோரைடும் கரைசலில் இருக்கின்றன. ஆகவே 1 மில்லிமோலார் அயனி வலிமையில் ஒரு தொடர் எடுக்கிறோம் என்றால் பிஹெச் 3-க்குக் கீழேயும் 11-க்கு மேலேயும் போக முடியாது. 0.1 மில்லிமோலார் என்றால் 4-க்கும் 10-க்கும் நடுவில்தான் இடம்.

பிஹெச் மின்வாயிலிருந்து பொட்டாசியம் குளோரைடு கசியும். குறைந்த உப்புத் தொடர்களில் அந்தக் கசிவே செறிவை மாற்றப் போதும். அதனால் அளவீட்டுக்குப் போகும் கரைசலில் மின்வாயை முக்காமல், கொஞ்சம் தனியே ஊற்றி எடுத்துப் படித்தேன். காரக் கரைசல்களைக் கண்ணாடியில் வைக்காமல் பிளாஸ்டிக் குப்பிகளில் வைத்தேன், கண்ணாடியிலிருந்து அயனிகள் கரைந்து வரும்.

அப்புறம் கார்பன் டைஆக்சைடு. காற்றோடு சமநிலையில் இருக்கும் சுத்த நீரின் பிஹெச் 5.6-ஐ ஒட்டி இருக்கும். தாங்கல் இல்லாமல் பிஹெச் 7, 8 என்று தயாரித்த கரைசல் திறந்த குடுவையில் நிற்கவே நிற்காது. நைட்ரஜனை மெல்லக் குமிழவிட்டு, மூடிய குழாய் வழியாகவே அளவீட்டுக் கலத்துக்கு ஓட்டினேன்.

நடுப்பகுதியில் மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக?

பிஹெச் 3-லும் 10-லும் தூரிகையின் தடிமன் விரைவாகவே ஒரு எண்ணில் நின்றது. 6-க்கும் 8-க்கும் நடுவில் நிற்கவில்லை. மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கியிருப்பதால் மெதுவாக அவிழ்கின்றன என்று விளக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு சின்னப் பெருக்கல் வேறு கதை சொல்கிறது.

25 நானோமீட்டர் படலம், கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 3 மைக்ரோகிராம் பாலிமர் இருக்கிறது. மெத்தக்ரிலிக் அமில அலகின் எடை 86. ஆக ஒரு சதுர சென்டிமீட்டரில் 35 நானோமோல் கார்பாக்சில் குழுக்கள். பிஹெச் 8 கரைசலில் ஹைட்ராக்சைடு எவ்வளவு? 1 மைக்ரோமோலார், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோமோல். இந்தத் தூரிகையின் புரோட்டான்களில் பாதியை மட்டும் பிடுங்குவதற்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பதினேழு மில்லிலிட்டருக்கு மேல் கரைசல் வந்து போக வேண்டும். என் கலத்தின் கொள்ளளவு அதில் ஒரு சிறு பகுதிகூட இல்லை. தூரிகை சோம்பலாக இருக்கவில்லை. அதற்குக் காரம் போய்ச் சேரவில்லை.

பிஹெச் 10-ல் ஹைட்ராக்சைடு நூறு மடங்கு அதிகம், அதனால் அங்கே பிரச்சினையே எழவில்லை. நடுப்பகுதிக்கு இரண்டு மாற்றம் செய்தேன். கலத்தை நிறுத்தி வைத்து அளப்பதை விட்டுவிட்டு, கரைசலைத் தொடர்ந்து ஓடவிட்டேன். உள்ளே போகும் கரைசலும் வெளியே வரும் கரைசலும் ஒரே பிஹெச்சைக் காட்டும்வரை எந்த எண்ணையும் குறித்துக்கொள்ளவில்லை. நேரத்தை வைத்து ‘சமநிலை வந்தது’ என்று முடிவுசெய்வதைவிட இது எவ்வளவோ நம்பகமானது. வாரக்கணக்கில் மெதுவாக உப்பும் தூரிகை என்று எங்காவது படித்தால், அந்தத் தடிமனுக்கு எவ்வளவு கரைசல் ஓட்டினார்கள் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பது இப்போது என் பழக்கமாகிவிட்டது.

பிஹெச் தொடர்: உப்பு நகர்த்தும் கோடு

பிஹெச் 3-ல் தூரிகை உலர் தடிமனைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டி நின்றது. அமிலக் குழுக்கள் மின்னேற்றம் இல்லாமல், தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு வைத்துக்கொண்டு, மெத்தில் குழுக்கள் நீரைத் தவிர்க்க, இறுக்கமாக இருக்கும் நிலை அது. பிஹெச் 10-ல் நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு முனைகளும் எதிர்பார்த்ததுதான். எனக்கு ஆர்வம் நடுவில் வரும் ஏற்றம் எங்கே அமைகிறது என்பதில்.

மெத்தக்ரிலிக் அமிலம் தனி மூலக்கூறாக நீரில் இருக்கும்போது அதன் பிகேஏ 4.65. அதாவது பிஹெச் 4.65-ல் பாதிக் குழுக்கள் புரோட்டானை இழந்திருக்கும். தூரிகையிலோ, 1 மில்லிமோலார் உப்பில் அந்த நடுப்புள்ளி அதைவிட இரண்டு அலகுக்கும் மேலே தள்ளிப் போய்விட்டது. உப்பை 100 மில்லிமோலாராக்கியதும் கோடு முழுவதும் ஒரு அலகுக்கு மேல் அமிலப் பக்கமாக நகர்ந்து வந்தது. பாலிமர் அதேதான், துண்டும் அதேதான். சோடியம் குளோரைடு மட்டும்தான் மாறியது.

காரணத்தை டோனான் சமநிலையில் தேட வேண்டும்: நகர முடியாத மின்னேற்றம் ஒரு பக்கம் இருக்கும்போது, நகரும் அயனிகள் இரு பக்கமும் சமமில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும் நிலை அது. உலர்ந்த படலத்தில் கார்பாக்சிலின் செறிவு 1.2-ஐ 86-ஆல் வகுத்தால் வரும், ஒரு லிட்டருக்குச் சுமார் 14 மோல். நான்கு மடங்கு உப்பினால் 3.5. அதில் பாதி மின்னேற்றம் பெற்றால் தூரிகைக்குள் 1.7 மோலார் எதிர்மின்னேற்றம் நகர முடியாமல் கட்டப்பட்டிருக்கிறது. அதைச் சமன்செய்ய அதே அளவு சோடியம் உள்ளே இருந்தே ஆக வேண்டும். வெளியே சோடியம் 1 மில்லிமோலார்தான் என்றால், உள்ளே ஆயிரத்து எழுநூறு மடங்கு. ஹைட்ரஜன் அயனியும் நேர்மின்னேற்றம் கொண்டதுதானே? அதே மின்னழுத்த வேறுபாடு அதற்கும் பொருந்தும். ஆக ஹைட்ரஜன் அயனியும் உள்ளே ஆயிரத்து எழுநூறு மடங்கு செறிந்திருக்கும். மடக்கையில் அது 3.2. வெளியே பிஹெச் 7.8 என்று மின்வாய் காட்டும்போது சங்கிலி உணர்வது 4.6.

வெளியே உப்பை 10 மில்லிமோலாராக்கினால் இந்த இடைவெளி 2.2 ஆகக் குறையும். 100 மில்லிமோலாரில் 1.2. 1 மோலாரில், குளோரைடும் உள்ளே நுழைவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், 0.3-தான் மிச்சம். உண்மையில் அளந்த நகர்வு இந்த எண்களைவிடக் கொஞ்சம் குறைவு. எதிரயனிகளில் ஒரு பகுதி சங்கிலியை ஒட்டியே பிணைந்து கிடப்பதால், சுதந்திரமாக உலவும் அயனிகள் கணக்கில் வருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் திசையும் அளவும் கண்ணுக்கு நேராகப் பொருந்தின. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு தூரம் கூட்டிப்போவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தடிமனை மட்டும் நம்பாமல் அகச்சிவப்பு நிறமாலையிலும் பார்த்தேன். புரோட்டான் உள்ள கார்பாக்சில் சென்டிமீட்டருக்கு 1700 என்ற அலையெண்ணை ஒட்டி உறிஞ்சும், புரோட்டான் இழந்தது 1550-ஐ ஒட்டி. இரண்டு உச்சிகளின் பரப்பை ஒப்பிட்டால் எத்தனை பங்கு பிரிந்திருக்கிறது என்று நேரடியாகத் தெரியும். சாதாரண நீரின் உறிஞ்சல் 1640-ல் வந்து நடுவில் மறைக்கும் என்பதால் கனநீரில் செய்ய வேண்டும். உப்போடு நடுப்புள்ளி நகர்வதை அதுவும் உறுதிசெய்தது.

உப்புத் தொடர்: ஏறி இறங்கும் உயரம்

இப்போது பிஹெச்சை 6-ல் நிறுத்தி, உப்பை மட்டும் 0.1 மில்லிமோலாரிலிருந்து மேலே கொண்டுபோனேன். உப்பு போட்டால் மின்விசைகள் மறைக்கப்பட்டுத் தூரிகை சுருங்கும் என்பதுதான் பலரும் முதலில் நினைப்பது. இங்கே அது நேர்மாறாகத் தொடங்குகிறது. உப்பு ஏற ஏறத் தூரிகை உப்பியது. பத்துகளிலிருந்து நூறு மில்லிமோலார் வரையிலான பகுதியில் உச்சத்தை அடைந்து, அதற்குப் பிறகுதான் இறங்கியது.

முன்பகுதி சொன்ன கணக்கே இதற்கும் விடை. குறைந்த உப்பில் தூரிகைக்குள் ஹைட்ரஜன் அயனிகள் குவிந்திருப்பதால் குழுக்கள் பிரியாமல் அடங்கிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து சோடியம் வந்து ஹைட்ரஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது இன்னும் அதிகக் குழுக்கள் மின்னேற்றம் பெறுகின்றன, உள்ளே அயனிகள் கூடுகின்றன, அவற்றின் சவ்வூடு பரவல் அழுத்தம் சங்கிலிகளை நீட்டுகிறது. உப்பு இன்னும் ஏறி, வெளியே உள்ள அயனிகளின் செறிவு உள்ளே இருப்பதை நெருங்கியதும், அழுத்த வேறுபாடு கரைந்து தூரிகை தணிகிறது. மின்னேற்றமுள்ள தூரிகையைப் பற்றிப் பின்கஸ் 1991-ல் எழுதிய கோட்பாடும், பிஹெச்சுக்கு ஏற்ப மின்னேற்றம் மாறும் தூரிகைக்கு ஷூலினா, பிர்ஷ்டெயின், போரிசோவ் மூவரும் 1995-ல் தந்த கோட்பாடும் இந்த இரண்டு சரிவுகளையும் முன்பே சொல்லியிருந்தன: ஏறும்போது உப்புச் செறிவின் மூன்றில் ஒரு அடுக்காக, இறங்கும்போது அதே அடுக்கில் தலைகீழாக. என் கோடுகளின் சரிவு அதைவிட மென்மையானது. நெருக்கமான தூரிகையில் மின்னேற்றமே இல்லாவிட்டாலும் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும், அந்தப் பகுதியை உப்பால் தொட முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க, சல்போபுரொப்பைல் மெத்தக்ரிலேட்டின் பொட்டாசியம் உப்பிலிருந்து ஒரு தூரிகையும் வளர்த்தேன். சல்போனேட் குழுவின் மின்னேற்றம் நாம் பயன்படுத்தும் பிஹெச் எதிலும் மாறாது. எதிர்பார்த்தபடியே பிஹெச் தொடர் ஒரு தட்டையான கோடு. உப்புத் தொடரும் நெடுந்தூரம் தட்டைதான். நூறு மில்லிமோலாரைத் தாண்டிய பிறகே இறங்கத் தொடங்கியது. உள்ளேயே மோலார் கணக்கில் அயனிகளை வைத்திருக்கும் தூரிகைக்கு, வெளியே சில மில்லிமோலார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அதே கார்பாக்சில் தூரிகையைப் பிஹெச் 10-ல் வைத்து உப்புத் தொடர் எடுத்தபோது, முதல் ஏற்றம் மறைந்து, சல்போனேட்டின் கோட்டைப் போலவே நடந்துகொண்டது. எல்லாக் குழுக்களும் ஏற்கெனவே பிரிந்துவிட்டன, சோடியம் வந்து பிரிக்க எதுவும் மிச்சமில்லை. இந்த மூன்று கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தபோதுதான் வேலை கைக்குள் வந்தது என்று தோன்றியது.

படிகத்தின் அதிர்வெண் மாறுவதை வைத்து எடை அறியும் குவார்ட்ஸ் படிகத் தராசிலும் ஓட்டினேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தூரிகையோடு சேர்ந்து ஆடும் நீரையும் அது எடையாகக் காட்டும். உப்புக் கரைசலின் அடர்த்தியும் பிசுக்குமையும் மாறினாலே அதிர்வெண் நகரும். வெறும் படிகத்தை அதே கரைசல்களில் ஓட்டிக் கழிக்காவிட்டால், 1 மோலாரில் வரும் நகர்வில் பெரும்பகுதி தூரிகையுடையதே அல்ல.

உரிதலும் சீரமைப்பும்

அமில வடிவ உலர் தடிமனை ஒவ்வொரு தொடருக்கு முன்னும் பின்னும் அளந்து வந்தேன், அது இங்கேதான் கைகொடுத்தது. பிஹெச் 10-ல் நீண்ட நேரம் இருந்த துண்டுகளின் உலர் தடிமன் குறைந்துகொண்டே வந்தது. தூரிகை சுருங்கியதல்ல, சங்கிலிகளே கழன்று போய்விட்டன. உப்பிய தடிமனை மட்டும் பார்த்திருந்தால் ‘காரத்தில் மெல்லச் சுருங்குகிறது’ என்று ஒரு பொய்யான முடிவு கிடைத்திருக்கும்.

மின்னேற்றம் பெற்ற சங்கிலி நீண்டு நிற்க முயலும்போது, அந்த இழுவை முழுவதும் அடியிலுள்ள நங்கூரப் பிணைப்பின் மேல் விழுகிறது. சிலேனுக்கும் ஆக்சைடுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு காரத்தில் இயல்பாகவே நீராற்பகுக்கப்படும். இழுவையும் சேர்ந்தால் இன்னும் வேகம். தூரிகை அதிகமாக உப்பும் நிலைமைகளே நங்கூரத்துக்கு ஆபத்தான நிலைமைகளும் ஆகின்றன.

இதற்கு நான் செய்தது, கார்பாக்சில் சங்கிலியை நேரடியாகத் தொடக்கியிலிருந்து வளர்க்காமல், முதலில் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டால் சில நானோமீட்டர் வளர்த்து, அதன் மேல் அமிலப் பகுதியைத் தொடர்வது. நீரை விரும்பாத அந்த அடிப்படலம் உப்பாது, நங்கூரத்தின் அருகே நீரையும் அயனிகளையும் குறைவாகவே விடும். அடிப்படலத்தின் தடிமனைத் தனியே அளந்து மாதிரியில் இன்னொரு அடுக்காகப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் துண்டுகளில் இழப்பு வெகுவாகக் குறைந்தது. கூடவே, தொடரை அமிலப் பக்கமிருந்து தொடங்கி, காரப் புள்ளிகளைக் கடைசியில் வைத்து, அங்கே தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நிறுத்தாமல் ஓட்டினேன். பிறகு திரும்பி அமிலப் பக்கம் வந்து, போன பாதையும் வந்த பாதையும் ஒன்றா என்று பார்த்தேன். நடுப்பகுதியில் சிறு வேறுபாடு இருக்கிறது. அமிலத்தில் இறுகிய சங்கிலிகள் அவிழ்வதற்குக் கொஞ்சம் கூடுதல் பிஹெச் கேட்கின்றன.

கால்சியம்

கடைசியாக ஒன்று. இதுவரை உப்பு என்று சொன்னதெல்லாம் சோடியம் குளோரைடு. பிஹெச் 8-ல் நன்றாக உப்பி நின்ற தூரிகைக்குச் சில மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கொடுத்ததும், 1 மோலார் சோடியத்தில் வந்ததைவிட அதிகமாகத் தணிந்துவிட்டது. அயனி வலிமை என்ற ஒற்றை எண்ணை வைத்து இதை விளக்க முடியாது. ஒரு கால்சியம் இரண்டு சோடியத்தை வெளியேற்றுகிறது, அதனால் உள்ளே அயனிகளின் எண்ணிக்கையும் அழுத்தமும் பாதியாகின்றன. அதற்கும் மேலாக, கார்பாக்சிலேட்டுகளை இணைத்துப் பிடித்தும் வைக்கிறது. கால்சியம் இல்லாத 1 மில்லிமோலார் சோடியம் குளோரைடுக்கு மாற்றினாலும் தூரிகை பழைய உயரத்துக்கு எளிதில் திரும்பவில்லை. அதே பிஹெச்சில் இடிடிஏ கரைசலை ஓட்டிய பிறகே எழுந்தது. அதனால் குழாய் நீர் பட்ட குப்பிகளை இந்த வேலைக்குப் பயன்படுத்துவதே இல்லை. ஒவ்வொரு புதுத் தொடருக்கும் முன்பு இடிடிஏ, பிஹெச் 3 நீர், உலர் தடிமன் என்ற வரிசையை முடித்துவிட்டுத்தான் அடுத்த கரைசலைத் திறக்கிறேன்.